எஸ்டீம் பேட்டரியை டிக்கிக்கு மாற்றணும்: கேபிள் சைஸ், எர்த், ஃபியூஸ், கேஸ் பைப் – விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

#1 சத்துவாச்சாரி எஸ்டீம்

வண்டி மாருதி எஸ்டீம், 1.3 பெட்ரோல், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாத, ஃபியூல் இன்ஜெக்ஷன் இன்ஜின்). கேஸ் கிட் கிடையாது. இப்ப பேட்டரி உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு ஏர் ஃபில்டர் பாக்ஸை நகர்த்தி, கிரில் பக்கத்துல இருந்து பைப் விடப் போறேன். அதனால பேட்டரியை டிக்கிக்குக் கொண்டு போயே ஆகணும். கத்திரி வெயில்ல பானெட்டுக்குள்ள வேகுறதைவிட பின்னாடி இருந்தா ஆயுசும் கூடும்னு நினைக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் கொடுத்த பிளான்: பாசிட்டிவுக்கு 25 சதுர மி.மீ. ஆடியோ கேபிள், நெகட்டிவை டிக்கியில இருக்கிற ஏதாவது ஒரு போல்ட்ல எர்த், ஃபியூஸ் வேண்டாம், இப்ப இருக்கிற 35 ஆம்பியர் பேட்டரியே போதும். இதுல எதை ஏத்துக்கலாம், எதை மாத்தணும்? பேட்டரி கேஸ் வாசனை உள்ளே வருமா?

#2 ராணிப்பேட்டை ஸ்பேனர்

நாலுல மூணை மாத்தணும். நாலாவதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு, கீழே வேற யாராவது சொல்வாங்க.

முதல்ல வெப்பம். வெப்பத்துக்காக மட்டும்னா இந்த வேலையே வேண்டாம். பேட்டரி வெப்பநிலை 10 டிகிரி கூடினா ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு கைக்கணக்கு உண்டு, உண்மைதான். ஆனா மே மாசம் வேலூர்ல வெட்டவெளியில நிறுத்தின காரோட டிக்கியும் 50 டிகிரியைத் தாண்டும். ஓடும்போது பானெட்டைவிட டிக்கி குளிர்ச்சி, நிற்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை. நிழல்ல நிறுத்துறவருக்கு லாபம் உண்டு. உங்களுக்கு இடம் தேவைங்கிறதால செய்றீங்க, அது சரியான காரணம்.

ஒரு பக்க விளைவும் உண்டு. டைனமோவுக்குள்ள இருக்கிற ரெகுலேட்டர் தன் சூட்டைப் பார்த்து வோல்ட்டைக் குறைக்கும். முன்னாடி டைனமோ கொதிக்கும்போது அது 13.7, 13.8 கொடுக்கும், பின்னாடி பேட்டரி அவ்வளவு சூடா இருக்காது. ஊருக்குள்ளயே ஓடுற வண்டியில பேட்டரி கொஞ்சம் குறைவாவே சார்ஜ் ஆகும். மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜர்ல முழுசா ஏத்திட்டா தீர்ந்தது.

இப்போ கேபிள். எஸ்டீம் மாதிரி செடானில் டிக்கியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை வளைவுகளோட சேர்த்து 5 மீட்டர் வெச்சுக்குங்க. மெல்லிய இழை காப்பர் கேபிளுக்கு மின்தடை, கிலோமீட்டருக்கு: 25 சதுர மி.மீ. 0.78 ஓம், 35க்கு 0.554, 50க்கு 0.386, 70க்கு 0.272. ஐந்து மீட்டரில் 200 ஆம்பியர் போனா இழப்பு இப்படி வரும்:

25: 0.78 வோல்ட்
35: 0.55
50: 0.39
70: 0.27

இது 20 டிகிரி கணக்கு. கேபிள் 60 டிகிரியில இருந்தா இதுக்கு மேல 15 சதவீதம் கூட்டிக்குங்க. 1.3 பெட்ரோல் செல்ஃப் சுத்தும்போது 100 ஆம்பியரைச் சுற்றித்தான் இழுக்கும். ஆரம்ப உதறல் மட்டும் 300, 400க்குப் போய் கண நேரத்தில இறங்கிடும். அதனால உங்க வண்டிக்கு 35 போதும். டீசலுக்கு 50க்குக் கீழே பேச்சே கிடையாது. 25 போட்டாலும் காலையில ஸ்டார்ட் ஆகும். வெயில்ல ஓட்டி இன்ஜின் சூடா இருக்கும்போது நிறுத்தி மறுபடி சாவி போட்டா இழுத்துப் பிடிச்சு சுத்தும். பழி செல்ஃப் மோட்டார் மேல விழும்.

#3 ஆம்பூர் கியர்

ஃபில்டர் பாக்ஸுக்காக இவ்வளவு வேலையா? இருக்கிற பாக்ஸிலிருந்து ஒரு பைப்பை இண்டிகேட்டர் பக்கம் இறக்கினாலே குளிர் காத்து கிடைச்சிடும். பேட்டரிக்கு ஒரு அலுமினிய வெப்பத்தடுப்புத் தகடு போட்டா ரெண்டும் முடிஞ்சுது. செலவு பத்துல ஒரு பங்கு.

#4 சத்துவாச்சாரி எஸ்டீம்

இடம் பத்தலைங்க அண்ணா, அளந்து பார்த்தாச்சு. டிக்கிதான்.

#5 காட்பாடி ஜங்ஷன் பாக்ஸ்

கேபிள் வாங்குறப்போ தம்பி முக்கியமா பார்க்க வேண்டியது, உள்ளே இருக்கிறது காப்பரா இல்லையான்னு. ஆடியோ கேபிள்னு வர்றதுல பாதிக்கு மேல காப்பர் பூசின அலுமினியம். கரன்ட் கடத்துறதுல காப்பரோட மூணுல ரெண்டு பங்குகூட தேறாது. 35ன்னு வாங்குவீங்க, வேலை செய்றது 22 மாதிரி. இன்னொரு ஏமாத்து, தடிமன் எல்லாம் பிளாஸ்டிக்லயே இருக்கும்.

ரெண்டையும் ஒரே சோதனையில பிடிச்சிடலாம். ஒரு துண்டு வெட்டி, உறையை முழுசா உரிச்சு, சரியா 10 செ.மீ. இழையை மட்டும் நகைக்கடைத் தராசுல வைங்க. 35 சதுர மி.மீ. சுத்த காப்பர்னா 31 கிராம் வரணும், 29, 30 வந்தாலும் ஏத்துக்கலாம். 12, 13 கிராம்னா அலுமினியம். 22, 23ன்னா காப்பர்தான், ஆனா சைஸ் 25. தராசு இல்லைன்னா ஒரு இழையை பிளேடால சுரண்டுங்க, வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. லைட்டர் தீயில காட்டினா அலுமினிய இழை தொங்கி உதிரும், காப்பர் இழை சிவந்துட்டு அப்படியே நிற்கும்.

நான் சிபாரிசு பண்றது வெல்டிங் கேபிள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும். ஐ.எஸ். 9857 முத்திரை, அதுவும் வெப்பம், எண்ணெய், தீ தாங்குற எச்.ஓ.எஃப்.ஆர். உறை உள்ளதைக் கேளுங்க. சாதா ரப்பர் உறை எண்ணெய் பட்டா ஊறி உப்பிடும். வெல்டிங் கேபிள் நல்லா வளையும், கார்பெட்டுக்கு அடியில படுக்க வைக்க லேசு.

லக் (கேபிள் முனையில அடிச்சு போல்ட்ல மாட்டுற உலோகக் காது) விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. தகரம் பூசின காப்பர் டியூப் லக், 35க்கு 8 மி.மீ. ஓட்டை. சுத்தியலால அடிச்சு நசுக்குறதும், ஈயம் உருக்கி ஊத்துறதும் வேண்டாம். ஈயம் இழைக்குள்ள ஏறி, லக்கை ஒட்டின ஒரு அங்குலம் கம்பி மாதிரி விறைச்சிடும், அதிர்வுல சரியா அந்த விளிம்புலதான் முறியும். பேனல் போர்டு கட்டுறவங்ககிட்ட ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் இருக்கும், ஆறுமுக டை போட்டு ரெண்டு அழுத்து. லக் விலையோட சேர்த்துப் பண்ணித் தருவாங்க. மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற குழாய்), லக் கழுத்தையும் உறையையும் சேர்த்து மூடணும்.

ஒரு லக்கை மட்டும் கேபிளை உள்ளே இழுத்து முடிச்ச பிறகு அடிங்க. ரெண்டு பக்கமும் லக் போட்டுட்டு ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஓட்டையில நுழைக்கப் போனா ஓட்டையைத் தேவையில்லாம பெருசாக்கணும்.

#6 பாலாறு டீசல்

எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் வேணாம்னு சொன்னதுல இன்னா தப்பு? எந்தக் கம்பெனி வண்டியிலயும் பேட்டரிலேர்ந்து செல்ஃபுக்குப் போற லைன்ல ஃபியூஸ் கிடையாது. ஃபியூஸ் போட்டா நட்டநடு ராத்திரி பள்ளிகொண்டா டோல்கேட்டாண்ட செல்ஃப் அடிக்கும்போது போயிடும், அப்புறம் தள்ளுங்க.

#7 ராணிப்பேட்டை ஸ்பேனர்

கம்பெனி வண்டியில பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு மீட்டர் கேபிள், அதுவும் பானெட்டுக்குள்ள, யாரும் மிதிக்காத இடத்துல. இங்கே அதே லைன் ஐந்து மீட்டர், சீட்டுக்கு அடியில, கால் மிதிக்கிற இடத்துல, தகடு ஓட்டை வழியா போகுது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

பேட்டரியைப் பின்னாடி வெச்சே தயாரிக்கிற கம்பெனிகளும் இதைச் சும்மா விடலை. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸில் டிக்கி பேட்டரியோட பாசிட்டிவ் டெர்மினல்ல சின்ன வெடிமருந்துக் குப்பி இருக்கும். மோதலில் ஏர்பேக் கம்ப்யூட்டர் அதை வெடிக்க வெச்சு, முன்னாடி போற கேபிளைத் துண்டிச்சிடும். நம்மகிட்ட அது கிடையாது, ஃபியூஸ்தான் இருக்கு.

35 ஆம்பியர்-அவர் பேட்டரியே நேரடி ஷார்ட்டில் 1000 ஆம்பியரைத் தொடும். பின்னாலிருந்து ஒருத்தர் மோதி டிக்கி மடங்கி, கேபிள் உறை தகட்டில அறுபட்டா, அதை நிறுத்த எதுவுமே இல்லை. சாவியை எடுத்தாலும் நிற்காது, கார்பெட் எரியும்.

ஃபியூஸ் போயிடும்ங்கிற பயம் தப்பான டைப் போடுறதால வருது. பிளேடு ஃபியூஸ் போட்டா போகும். போட வேண்டியது மெகா ஃபியூஸ், இல்லைன்னா ஏ.என்.எல்., போல்ட் போட்டு இறுக்குற மாதிரி. மெகா ஃபியூஸ் குறிப்பிட்ட அளவுக்கு ரெண்டு மடங்கு கரன்ட்டைக் குறைஞ்சது ஒரு நொடி தாங்கும். 35 கேபிளுக்கு 200 ஆம்பியர் போட்டா 400 ஆம்பியர் உதறல் வந்து போன தடமே அதுல இருக்காது. 50 கேபிளோட டீசல்னா 250, 300.

இடம்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 செ.மீ.க்குள்ள, முடிஞ்சா ஒரு சாண். அந்த ஒரு சாணுக்குத்தான் பாதுகாப்பு இல்லை, அதனால அதுக்கு இரட்டை உறை போட்டு எதுலயும் உரசாம வைங்க. முன்னாடி பானெட்ல ஃபியூஸ் வெச்சுட்டுப் பாதுகாப்புன்னு நம்புறவங்க உண்டு, அது கேபிளோட கடைசியில நிக்கிற காவல்காரன்.

ஆடியோ கடையில ரீசெட் பட்டன் வெச்சு விக்கிற சர்க்யூட் பிரேக்கர் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கிற கான்டாக்ட் சூடாகி அங்கேயே அரை வோல்ட் போயிடும்.

#8 பாலாறு டீசல்

ரெண்டு மடங்கு ஒரு செகண்டு சரி. கத்திரியில இன்ஜின் இறுகிப் போய் பத்து செகண்டு செல்ஃப் அடிச்சா?

#9 ராணிப்பேட்டை ஸ்பேனர்

பத்து நொடியும் 100, 150 ஆம்பியர்தான், 200 ஃபியூஸுக்கு அது ஒண்ணுமே இல்லை. பத்து நொடியும் 400 இழுத்தா செல்ஃப் ஜாம், அப்போ ஃபியூஸ் போறதுதான் நல்லது. உங்க கவலைக்கு மருந்து, ஒரு ஸ்பேர் ஃபியூஸையும் அதோட நட்டுக்கேத்த ஸ்பேனரையும் டிக்கியிலயே வைக்கிறது.

#10 குடியாத்தம் காயில்

எல்லோரும் பாசிட்டிவ் கேபிளைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் எர்த்தில்தான், அதிலும் டிக்கி எர்த்தில் அல்ல, இன்ஜின் எர்த்தில்.

பழைய அமைப்பில் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த கேபிள் நேராக கியர்பாக்ஸ் போல்ட்டுக்குப் போகும். கூடவே ஒரு மெல்லிய வயர் பாடிக்குப் போகும். செல்ஃப் மோட்டாரின் கரன்ட் முழுவதும் அந்தத் தடித்த கேபிள் வழியாகத் திரும்பியது. பாடிக்குப் போன மெல்லிய வயருக்கு லைட், ஹாரன் கரன்ட் மட்டுமே வேலை. இப்போது பேட்டரியை எடுத்துவிட்டீர்கள். திரும்பும் கரன்ட் இன்ஜினிலிருந்து பாடிக்கு ஏறி, பாடி வழியாகப் பின்னால் போக வேண்டும். இன்ஜினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு அதற்கு இரும்புத் தொடர்பே இல்லை. தடித்த பட்டை போடாவிட்டால் கரன்ட் கிடைத்த வழியில் போகும்: கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் லீவர் ராடு. செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிள் உறை சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். புகை வந்த பிறகு கேபிளை மாற்றுவார்கள், ஒரு மாதத்தில் புது கேபிளும் இறுகும், காரணம் யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது எளிது. பழைய தடித்த நெகட்டிவ் கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். கியர்பாக்ஸ் முனை அப்படியே இருக்கட்டும். பேட்டரி கிளாம்பை வெட்டி அங்கே ஒரு லக் அடித்து, பக்கத்துச் சேசிஸ் ரெயிலில் எம் 8 அல்லது எம் 10 போல்ட்டில் இறுக்குங்கள். நீளம் பத்தவில்லை என்றால் 25 அல்லது 35 சதுர மி.மீ.யில் புதிதாக அரை மீட்டர். இன்ஜின் உதறலுக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

டிக்கிப் பக்கம்: பேட்டரி நெகட்டிவுக்குப் பாசிட்டிவ் என்ன சைஸோ அதே சைஸ், அரை மீட்டருக்கு மிகாமல். இடம் தகடு அல்ல, தரைக்கு அடியில் ஓடும் ரெயில் மெம்பர். போல்ட்டைச் சுற்றி ரூபாய் நாணயம் அளவுக்கு பெயிண்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். லக்கை நேரடியாக இரும்பின்மேல் வைத்து, பல்லுள்ள வாஷர் போட்டு, நட் இறுக்கி, அதற்குப் பிறகு பெட்ரோலியம் ஜெல்லியோ பெயிண்ட்டோ பூசுங்கள். முதலில் கிரீஸ் தடவிவிட்டு லக் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, வரிசை அதற்கு நேர்மாறானது.

சீட் பெல்ட் போல்ட், டிக்கி கீல், லாக் போல்ட் இவற்றில் எர்த் போடாதீர்கள். சீட் பெல்ட் போல்ட்டுக்கு நடுவில் லக் நுழைந்தால் அதன் இறுக்கமே மாறிவிடும்.

பாடி வேண்டாம், நெகட்டிவுக்கும் முழு நீளக் கேபிள் ஓட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும். எஸ்டீம் போன்ற ஒரே கூடான பாடிக்குத் தேவையில்லை. இரும்பு காப்பரைவிட மோசமான கடத்திதான், ஆனால் பாடியின் குறுக்குவெட்டு கேபிளைப் போலப் பல மடங்கு. ஜிப்சி, பொலிரோ போன்ற, சேசிஸ் தனியாகவும் பாடி ரப்பர் மேலும் உள்ள வண்டிகளில் எர்த்தைச் சேசிஸில் போட்டு, பாடிக்கும் சேசிஸுக்கும் தனிப் பட்டை கொடுங்கள். துரு தின்ற பழைய பாடியில் முழு நீளக் கேபிள் சரிதான்.

#11 சத்துவாச்சாரி எஸ்டீம்

மிக்க நன்றி சார். முன்னாடி பாசிட்டிவ் கிளாம்ப்ல மூணு நாலு வயர் சேர்ந்து வருது (டைனமோ, ஃபியூஸ் பாக்ஸ், செல்ஃப்). அதையெல்லாம் எங்கே சேர்க்கிறது?

#12 காட்பாடி ஜங்ஷன் பாக்ஸ்

பழைய பேட்டரி இடத்துக்குப் பக்கத்துல ஒரு ஜங்ஷன் போஸ்ட் வைங்க. பேக்கலைட் அடி, எம் 8 காப்பர் அல்லது பித்தளை ஸ்டட், மூடி உள்ளது. டிக்கியிலிருந்து வர்ற கேபிள், செல்ஃப் கேபிள், டைனமோ, ஃபியூஸ் பாக்ஸ் எல்லாம் அதுல. தடித்த லக் அடியில, மெல்லிசு மேல. லக்குக்கு நடுவுல வாஷர் வேணாம், கரன்ட் லக்குலேர்ந்து லக்குக்கு நேரா போகணும். வாஷர் எல்லாத்துக்கும் மேல, நட்டுக்கு அடியில.

அந்தப் போஸ்ட்டே ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் உதவும். சிவப்பு ரப்பர் மூடி கட்டாயம், பானெட் தகடு தொட்டா அங்கேயே வெல்டிங் ஆகிடும்.

#13 ஆரணி ஆம்பியர்

கேஸ் பத்தி யாரும் சொல்லலை. மெயின்டனன்ஸ் ஃப்ரீன்னு எழுதியிருந்தா கேஸ் வராதுன்னு ஒரு நம்பிக்கை ஓடுது. தண்ணி ஊத்த வேணாம்ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். மேல் மூடியில சின்ன வெண்ட் இருக்கும், அதுவழியா ஹைட்ரஜனும் ஆசிட் ஆவியும் வரத்தான் செய்யும். காத்துல ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டா பிடிக்கும். செடான்ல டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவுல சீட்டும் அட்டையும்தான் இருக்கு, ஹேட்ச்பேக்குல அதுவும் இல்லை. ரெகுலேட்டர் பழுதாகி 15.5 வோல்ட் ஏறினா அன்னிக்கு வர்ற கேஸ் வேற அளவு.

ரெண்டு வழி. ஒண்ணு, இப்ப இருக்கிற பேட்டரியையே மூடி போட்ட பாக்ஸ்ல வெச்சு, மூடியோட மேல் பக்கத்துலேர்ந்து குழாய் வெளியே. ஹைட்ரஜன் லேசு, மேலதான் சேரும், அதனால வெளியேறும் ஓட்டை மேல, காத்து உள்ளே வர்ற ஓட்டை கீழே. ரெண்டுமே தரை வழியா வெளிக்காத்துக்குப் போகணும், டிக்கிக்குள்ள இல்லை. பாக்ஸுக்குள்ள ஃபியூஸோ ஸ்விட்சோ வைக்காதீங்க, பொறி அங்கதான் வரும்.

ரெண்டாவது, ஓரத்துல வெண்ட் முனை உள்ள ஏ.ஜி.எம். பேட்டரி (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சுல ஊற வெச்சு சீல் பண்ணினது). அதோட எல்போவை மாட்டி, 8 மி.மீ. பி.வி.சி. குழாயை ரப்பர் குரோமெட் (தகட்டு ஓட்டை விளிம்புல மாட்டுற வளையம்) வழியா கீழே இறக்குங்க. பேட்டரியோட மறுபக்கம் இன்னொரு வெண்ட் இருந்தா அதுக்கு அடைப்பான். குழாய் முனையைச் சாய்வா வெட்டி வாயைப் பின்பக்கம் பார்க்க வைங்க, சைலன்சர் எதிர்ப்பக்கம். நடுவுல தொங்கி வளைஞ்சா மழைத்தண்ணி நின்னு அடைச்சிடும். ஏ.ஜி.எம்.னா கேஸே வராதுன்னு இல்லை, ஓவர்சார்ஜ்ல வால்வு திறக்கும்.

எது நல்லதுன்னா, காசு இருந்தா ஏ.ஜி.எம். கவிழ்ந்தாலும் ஆசிட் கொட்டாது. வாங்குறதுக்கு முன்னாடி டைனமோ வோல்ட்டைப் பாருங்க, 14.8க்கு மேல போற வண்டிக்கு அது ஆகாது. யூ.பி.எஸ்.ல வர்ற எஸ்.எம்.எஃப். (சீல் பண்ணின, தண்ணி ஊத்தத் தேவையில்லாத) பேட்டரியைப் போட்டுடலாம்னு யாராவது கிளம்புவாங்க. அது மெதுவா இறங்குறதுக்குச் செஞ்சது, செல்ஃப் உதறலை ரொம்ப நாள் தாங்காது.

சி.என்.ஜி., எல்.பி.ஜி. சிலிண்டர் டிக்கியில இருக்கிற வண்டியில இந்த வேலையில கையே வைக்கக் கூடாது. சிலிண்டர் வால்வுக்குப் பக்கத்துல 35 ஆம்பியர் பேட்டரியை வைக்கிறதை எந்த வெண்ட் குழாயும் நியாயப்படுத்தாது.

#14 வாலாஜா வெல்டர்

மவுண்ட் பத்தி. 35 ஆம்பியர் பேட்டரி 10 கிலோ பக்கம், 60 ஆம்பியர் ஏ.ஜி.எம். 17, 18 கிலோ. மோதல்ல 20 ஜி விசை வந்தா அந்த 10 கிலோ 200 கிலோ மாதிரி முன்னாடி பாயும், பின்சீட்ல ஆள் உட்கார்ந்திருப்பாங்க. தகட்டு ஸ்க்ரூவும் நைலான் பெல்ட்டும் இதுக்கு உதவாது.

25க்கு 25, 3 மி.மீ. எல் ஆங்கிள்ல அடிச்சட்டம், பேட்டரி அளவைவிட 3 மி.மீ. பெருசா. நாலு எம் 8 போல்ட், 8.8 கிரேடு, தகட்டுக்கு அடியில ஒவ்வொண்ணுக்கும் 50க்கு 50, 3 மி.மீ. பிளேட். மேல் பிடிக்கு ரெண்டு எம் 8 ராடு, குறுக்குப் பட்டைக்கு ரப்பர் உறை, அது பாசிட்டிவ் முனையைத் தாண்டிப் போகக் கூடாது. சட்டத்துக்குள்ள பிளாஸ்டிக் தட்டு. பெயிண்ட் மட்டும் நம்பினா ஆசிட் ஈரத்துல ஆறு மாசத்துல உப்பும்.

ட்ரில் எடுக்கிறதுக்கு முன்னாடி வண்டியைத் தூக்கி அடியில பாருங்க: பெட்ரோல் டேங்க், டேங்க் குழாய், பிரேக் பைப், சைலன்சர். டிரில் பிட்டுக்கு டேப் சுத்தி ஆழம் கட்டிக்குங்க. ஸ்டெப்னி குழிக்குள்ள பேட்டரி வைக்கிறது அழகா இருக்கும், ஆனா ஸ்டெப்னி எங்க போகும்? சக்கர வளைவுக்குப் பின்னாடி ஓரமா வைங்க. டிரைவர் தனியா ஓட்டுற வண்டின்னா இடது பக்கம். பின் பம்பருக்கு ஒட்டி வேணாம்.

வெல்டிங் வெச்சா ரெண்டு பேட்டரி முனையையும் கழட்டி, இ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) சாக்கெட்டையும் பிரிச்சுட்டுதான். டேங்க் பக்கத்துல வெல்டிங்கே வேணாம், போல்ட் போதும்.

#15 காட்பாடி ஜங்ஷன் பாக்ஸ்

கேபிள் போற வழிக்கு ரெண்டு வரி. உள்ளே, கதவு வாசலை ஒட்டின சில் ஓரமா, கார்பெட்டுக்கு அடியில. அடியில இருக்கிற பெட்ரோல் பைப்புக்கு எதிர்ப்பக்கம் இருந்தா நிம்மதி. பின்சீட் கீல் மடங்குற இடம், சீட் ரெயில் நகர்ற இடம் ரெண்டையும் சீட்டை நகர்த்திப் பார்த்து உறுதி பண்ணுங்க. ஏர்பேக் உள்ள வண்டின்னா மஞ்சள் சாக்கெட் வயருக்குப் பக்கத்துல கட்டாதீங்க. முழு நீளத்துக்கும் ஃபிளெக்சிபிள் குழாய், 30, 40 செ.மீ.க்கு ஒரு பி கிளாம்ப். ஃபயர்வாலில் ஓட்டையைவிட குரோமெட்தான் முக்கியம், தகட்டு விளிம்புல வெறும் உறை உட்கார்ந்தா ஏலகிரி 14 கொண்டை ஊசி போதும் அறுக்க.

எலித் தொல்லை இருக்கிற தெருவுல வெளியே தெரியற இடத்துக்கு மட்டும் உலோகப் பின்னல் உறை. ஆனா அதோட முனை லக்கைத் தொடாம ரெண்டு அங்குலம் முன்னாடியே நிறுத்துங்க.

#16 திருப்பத்தூர் டர்போ

புது வண்டியில இதைச் செய்யலாமா? ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள பி.எஸ். 6 பெட்ரோல்.

#17 குடியாத்தம் காயில்

வேண்டாம். நெகட்டிவ் கிளாம்பில் ஒரு பேட்டரி சென்சார் இருக்கும், அது உள்ளே வெளியே போகும் ஒவ்வொரு ஆம்பியரையும் கணக்கு வைத்து டைனமோவை ஆட்டிவைக்கிறது. பேட்டரியோடு சென்சாரும் பின்னால் போக வேண்டும், அதன் டேட்டா வயரை நீட்ட வேண்டும், எந்த எர்த்தும் சென்சாரைத் தாண்டி நேரே பேட்டரி முனையில் ஏறக் கூடாது. ஒன்று தவறினால் சார்ஜ் கணக்கு குழம்பும். வாரன்ட்டியும் போகும்.

#18 ஆம்பூர் கியர்

சட்டம் பக்கமும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்துறதைத் தடுக்குது. பேட்டரி எங்கே இருக்குன்னு ஆர்.சி.யில் கிடையாது. ஆனா தீப்பிடிச்ச கிளெய்ம்ல சர்வேயர் முதல்ல தேடுறது வெளி வயரிங்கைத்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லிட்டு, ஃபியூஸ், லக், மவுண்ட் போட்டோவும் பில்லும் பத்திரமா வைங்க.

#19 சத்துவாச்சாரி எஸ்டீம்

வேலை முடிஞ்சுது. 35 வெல்டிங் கேபிள், 200 மெகா ஃபியூஸ், ஏ.ஜி.எம். முன்னாடி செல்ஃபுக்கு எர்த், அந்தப் பாடிக்குப் போன பழைய மெல்லிய வயரையே எலக்ட்ரீஷியன் வெச்சிருக்கார். ஃபியூல் பம்ப் ரிலேவைக் கழட்டிட்டு செல்ஃப் அடிச்சு எடுத்த ரீடிங்:

ஓய்வில் பேட்டரி 12.62
செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 10.40
செல்ஃப் ஸ்டட்டுக்கும் (செல்ஃப் மோட்டாரில் கேபிள் மாட்டுற போல்ட்) இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் 9.30

1.1 வோல்ட் எங்கேயோ போகுது. சுத்துறது மந்தமாத்தான் இருக்கு.

#20 ராணிப்பேட்டை ஸ்பேனர்

பிரிச்சு அளந்தா இடம் தெரிஞ்சிடும். மீட்டரை டி.சி. வோல்ட்ல வெச்சு, செல்ஃப் அடிக்கும்போதே ரெண்டு முனையையும் ஒரே லைனோட ரெண்டு பக்கத்துல வைங்க. பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் ஸ்டட்: 0.5க்குக் கீழே. பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து இன்ஜின் பிளாக்: 0.3க்குக் கீழே. கிளாம்ப் மேல வைக்காம ஈய முனை மேலயே வைங்க, கிளாம்ப் தளர்வும் அப்பதான் தெரியும். ஒரு தடவைக்கு அஞ்சு நொடிக்கு மேல அடிக்காதீங்க.

#21 சத்துவாச்சாரி எஸ்டீம்

பாசிட்டிவ் 0.31. நெகட்டிவ் மொத்தம் 0.79. அதைப் பிரிச்சா: பேட்டரி நெகட்டிவ் – டிக்கி பாடி 0.05, டிக்கி பாடி – முன் பாடி 0.09, முன் பாடி – இன்ஜின் பிளாக் 0.65.

#22 குடியாத்தம் காயில்

எதிர்பார்த்த இடமேதான். பாசிட்டிவ் 0.31 என்றால் ஃபியூஸ், லக் எல்லாம் சேர்த்து சுமார் 95 ஆம்பியர் ஓடுகிறது. அந்தப் பழைய மெல்லிய வயர் 8 சதுர மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அரை மீட்டருக்கு ஒன்றேகால் மில்லிஓம், அதில் 95 ஆம்பியருக்கு 0.12 வோல்ட்தான் போக வேண்டும். 0.65 வருகிறது. ஆக வயர் மெலிந்தது ஒரு பங்கு, மீதி அரை வோல்ட் போல்ட்டடியில் இருக்கும் பெயிண்ட்டிலும் துருவிலும் போகிறது. வயரை மட்டும் மாற்றி அதே இடத்தில் இறுக்கினால் பாதிகூடக் குறையாது. 35ல் அரை மீட்டர் போட்டு, பாடிப் பக்கம், கியர்பாக்ஸ் பக்கம் இரண்டையும் சுரண்டி இறுக்குங்கள். கியர்பாக்ஸ் அலுமினியம், அங்கே வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், அரம் வேண்டாம்.

#23 சத்துவாச்சாரி எஸ்டீம்

மாத்தியாச்சு. முன் பாடி – பிளாக் 0.07. செல்ஃப் ஸ்டட்ல 9.66. ஆனா பேட்டரி முனையில 10.40 இருந்தது 10.20 ஆயிடுச்சே, பாசிட்டிவும் 0.33 காட்டுது?

#24 ராணிப்பேட்டை ஸ்பேனர்

நல்லதுக்குத்தான். வழியில இருந்த தடை போனதும் செல்ஃப் கூடுதல் கரன்ட் இழுக்குது, அதுக்கேத்த மாதிரி பேட்டரி கொஞ்சம் இறங்குது, கேபிள் இழப்பும் ஒரு பொட்டு கூடுது. பேட்டரியில 10.2ம் செல்ஃப்ல 9.66ம் ஆரோக்கியமான கணக்கு. இன்ஜின் நல்லா சூடான பிறகு நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு இதே ரீடிங்கை ஒரு தடவை எடுங்க. அப்பவும் செல்ஃப்ல 9க்கு மேல நின்னா சரி. இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுப் பேட்டரி முனையில 13.5க்குக் குறையாம இருக்கான்னும் பாருங்க.

#25 பாலாறு டீசல்

சரிபா, ஃபியூஸ் மேட்டர் ஒத்துக்கிறேன். ஒரு டவுட்டு. பேட்டரி ஃபுல்லா டவுன் ஆயிட்ச்சு, டிக்கி ரிமோட்ல திறக்கிற வண்டி. எப்படித் திறக்கிறது?

#26 காட்பாடி ஜங்ஷன் பாக்ஸ்

டிக்கியில சாவி ஓட்டை இருந்தா பிரச்சனையே இல்லை, எஸ்டீம்ல இருக்கு. இல்லாத வண்டியில முன் ஜங்ஷன் போஸ்ட்லயும் இன்ஜின் பிளாக்லயும் ஜம்ப் கேபிள் கொடுத்தா லாக் திறக்கும். டிக்கி ஃபியூஸே போயிருந்தாலும் இது வேலை செய்யும், லாக்குக்கு வர்ற கரன்ட் முன் ஃபியூஸ் பாக்ஸ்லேர்ந்துதான். சாவி ஓட்டையில மட்டும் வருஷத்துக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, ரிமோட் வெச்சிருக்கிறவங்க சாவி போட்டே பார்க்கிறதில்லை.